கைவலிக்கு அறுவை சிகிச்சைதான் வழியா?

விருத்தாசலம், நல்லூர் வட்டாரத்துல பீங்கான் பொம்மை அச்சைப் பிடிக்கிற கைகளுக்கு வலி புதுசில்லை. ஓய்வெடுத்தால் அன்றைய கூலி போச்சு.

ராத்திரி விரல் மரத்துத் தூக்கம் கெடுதா? மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படலாம். சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு அதிகம். ஆரம்பத்திலேயே, தூங்கும்போது மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையைச் சில வாரம் கட்டினால் பலருக்குக் குறையும். கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானத்துக்கு வலி ஜெல், விரல் பயிற்சி, பட்டை உதவும்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டுவந்தது. ஆனா பகல் முழுக்கப் பட்டறையில இருப்பவர் வீட்டில் எப்படிக் கிடைப்பார்? பயிற்சி பட்டறைக்கும் வரணும்.

கட்டைவிரல் அடிச்சதை மெலிந்தாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ தாமதிக்காதீங்க. அப்போ அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.