பழைய டயரில் காசு பார்ப்பது யார்? பஞ்சர் கடைக்காரருக்கு 'பெப்பே'!

நாமக்கல்:

லாரித் தொழிலுக்கு பேர்போன ஊர் நாமக்கல். பாடி கட்டும் பட்டறைகளைப் போலவே டயர் ரீட்ரேடிங் பட்டறைகளும் இங்கு முக்கியம். பட்டன் தேய்ந்த டயரை சுரண்டி, புது ரப்பரை ஒட்டி, சூட்டில் வேகவைத்துக் கொடுப்பதுதான் ரீட்ரேடிங். புது டயர் விலையில் பாதிகூட ஆகாது. கேசிங் எனப்படும் டயரின் உடம்பு நல்லா இருந்தால், ஒரே டயருக்கு இரண்டு தடவைகூட பட்டன் போடலாம்.

அதுக்கப்புறம் அந்த டயர் எங்கே போகிறது? இங்கேதான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

டயர் கம்பெனிகளே பழைய டயருக்கும் பொறுப்பு என்று மத்திய அரசு 2022 ஜூலையில் விதி கொண்டு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு தயாரித்த டயர் எடைக்கு ஈடாக மறுசுழற்சி நடந்ததாக கம்பெனி கணக்கு காட்ட வேண்டும். 2022-23ல் 35 சதவீதம், அடுத்த வருஷம் 70 சதவீதம், 2024-25 முதல் 100 சதவீதம்.

கம்பெனிகள் இதற்காக பழைய டயரை தூக்கி சுமக்கப் போவதில்லை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் கொள்கின்றன. ஆக, காசு ஆலைக்கு போகிறது. டயரை சேர்த்துக் கொடுக்கும் பஞ்சர் கடைக்காரருக்கும், பழைய இரும்புக் கடைக்காரருக்கும் அந்தக் காசில் பங்கு தர விதியில் வழியில்லை.

ரீட்ரேடிங்குக்கு என்ன?

ரீட்ரேடிங் செய்தால், அந்த எடைக்கான பொறுப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகும். அவ்வளவுதான்! மறுபடி ஓடக்கூடிய டயரை காப்பாற்றுகிறவருக்கு தவணை, உருக்குகிறவருக்கு சான்றிதழ் என்றால் நல்ல கேசிங்கும் உலைக்குத்தானே போகும்?

உலையில் டயரை காற்றுப் படாமல் சூடாக்கி எண்ணெய், கரித்தூள், கம்பி எடுக்கிறார்கள். அந்த எண்ணெய் பாய்லர் எரிக்கத்தான் அதிகம் போகிறது. கச்சா எண்ணெய் விலை விழுந்தால் இதற்கும் மவுசு குறையும். அப்போது டயர் வாங்க ஆள் இருக்காது. குவிந்த டயரில் மழைத்தண்ணி தேங்கினால் டெங்கு கொசுவுக்கு கொண்டாட்டம்!

ஆபத்தும் உண்டு. மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டம் வாடாவில் 2025 ஜனவரியில் இப்படிப்பட்ட ஆலை ஒன்று வெடித்து உயிர்ப்பலி ஏற்பட்டது.

புது டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28ல் இருந்து 18 சதவீதமாக குறைந்தது. லாரிக்காரருக்கு லாபம்தான். ஆனால் புது டயர் விலை இறங்க இறங்க, ரீட்ரேடிங் பட்டறைக்கு வேலை குறையும்.

வழி என்ன?

ஒரே வாசலை நம்பினால் அது அடைபடும்போது எல்லாமே முடங்கும். ஓடக்கூடியது ரீட்ரேடிங்குக்கு, ஓடாதது ரப்பர் தூளாகி தார் ரோட்டுக்கும் தரைவிரிப்புக்கும், மிச்சம்தான் உலைக்கு என்று தரம் பிரிக்க வேண்டும். அதை பஞ்சர் கடையிலேயே ஆரம்பிக்கலாம். பிரித்துக் கொடுப்பவருக்கு டயருக்கு இவ்வளவு என்று சான்றிதழ் பணத்தில் இருந்து கொடுத்தால், யார் டயரை ரோட்டோரம் வீசப்போகிறார்கள்?

லாரிக்காரர்களும் கம்பி தெரியும் வரை ஓட்டாமல், முன்னாடியே கழற்ற வேண்டும். கம்பி தெரிந்த டயரை எந்தப் பட்டறையும் தொடாது.

கம்பெனிக்கும் ஆலைக்கும் விதி போட்ட மத்திய அரசு, வெயிலில் டயர் உருட்டுகிறவரையும் கொஞ்சம் திரும்பிப் பார்க்குமா?