குடிநோயும் திருவருளும்

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியை அடுத்த சிறுவாச்சூரில் மதுரகாளியம்மை கோயில் கொண்டருளியிருக்கின்றாள். திருவிழாக் காலம் முதலிய சிறப்பு நாட்கள் ஒழிய, அத்திருக்கோயிலின் நடை திறப்பது திங்கள், வெள்ளி ஆகிய இரு கிழமைகளிலேயாம். ஏனைய நாட்களில் அம்மை பெரியசாமி மலையில் உறைகின்றாள் என்பது அவ்வூரார் நம்பிக்கை. நடை திறக்கும் நாட்களில் அரிசியை நனைத்து உரலிலிட்டு இடித்து மாவிளக்கேற்றும் பெண்டிர் பலர். மகவு வேண்டியும் மணம் வேண்டியும் வருவாரோடு, “என் கணவன் குடியை விடவேண்டும், தாயே” என்று கண்ணீர் உகுத்து நிற்பாரும் உளர்.

இவ்வேண்டுகோள் பயன் தருமோ? இறைநம்பிக்கை குடிநோயாளனை மீட்குமோ? இவ்வினாவிற்கு இரு சாரார் இருவேறு விடை பகர்கின்றனர். கடவுள் இல்லை என்பார், “குடி, மூளையையும் உடலையும் பற்றிய நோய், அதற்கு மாவிளக்கு மருந்தாகாது” என்று நகைப்பர். நம்மவருட் சிலரோ, “மஞ்சட்கயிறு கட்டி நீறு பூசினாற் போதும், மருத்துவமனை எற்றுக்கு?” என்பர். முன்னவர் கூற்றுக் குறையுடைத்து; பின்னவர் கூற்றோ கேடுடைத்து. இரண்டனையும் முறையே ஆராய்வாம்.

முன்னவர்க்கு விடை வருமாறு: 1935-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகரில், குடியால் நிலைகுலைந்த பங்கு வணிகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் கூடி, ‘ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் கூட்டத்தைத் தொடங்கினர். தம் வலியால் குடியை வெல்ல இயலாது என்பதையும், தம்மினும் மேற்பட்ட பேராற்றலே தம்மை மீட்கும் என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் அவர்தம் பன்னிரு படிகளின் தொடக்கமாம். அப்பேராற்றலை எவ்வாறு கருதுவது என்பதை அவரவர் அறிவிற்கே விட்டனர். 2020-இல் காக்ரன் ஆய்வுக் குழுவினர் 27 ஆய்வுகளையும் அவற்றுட்பட்ட 10,565 பேரையும் ஒருங்கு வைத்து நோக்கினர். முறையாக வகுத்து நடத்தப்பெறும் இப்பன்னிரு படி வழி, குடியை முற்றும் விட்டு நிற்றற்கண், ஏனைய உளமருத்துவ முறைகள் பலவற்றினும் மேம்பட்டதெனக் கண்டனர். நகைப்பவர் இதனை நோக்குவாராக.

அற்றேல், அஃது ஒத்த நோயினர் கூட்டுறவால் விளைந்த பயனன்றோ, கடவுளால் விளைந்ததென்பது யாங்ஙனம் எனின், நன்று வினவினீர். ஆய்வு இறைவனை அளந்து காட்டிற்று என்று யாம் கூறவில்லை. அவ்வழியின் பயன் பெரிதும் குடிப்பார் நட்பினின்று நீங்கிக் குடி விட்டார் நட்பைச் சார்தலான் விளைவதென ஆராய்ந்தோரே உரைப்பர். இதனால் நமக்கு இழுக்கு யாது? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பதன்றோ சித்தாந்தம்? மெய்கண்டதேவர் சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரத்தில், மலங்கழுவிய ஞானியும் அன்பரோடு கூடியிருத்தலை விதித்தருளினார். ஞானிக்கே கூட்டம் வேண்டுமெனின், நேற்றுவரை குடித்தவனுக்குக் கூறவும் வேண்டுமோ? நல்லார் கூட்டத்தை அருளின் வேறாகக் காண்பது அவர் நோக்கு, நம் நோக்கன்று.

இனிப் பின்னவர் கூற்றை நோக்குவாம். நெடுநாள் மிகக் குடித்தவன் திடீரென நிறுத்துவானாயின், முதற் சில நாட்களில் கைந்நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் தோன்றுதல் கூடும். சிலர்க்கு உயிரிறுதியும் நேரும். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்தின் அவ்விடர் பெரிதும் நீங்கும். கோயில் வாயிலிற் கயிறு கட்டி, அன்றே அவனை வீட்டிற் தனியே கிடத்துதல் பத்தியன்று, அறியாமையாம். உடலும் கருவிகளும் மாயையின் காரியம். பொழுது புலருமளவும் விளக்குப்போல அவை உயிர்க்கு உதவுமாறு கூட்டியவன் இறைவனே. அவ்விளக்கிற்கு நெய் வார்ப்பவன் மருத்துவன். மருந்தை அருளுக்கு மாறென்பார் சித்தாந்தம் அறியார்.

இன்னுமொன்று. 48 நாள் நோன்பு பூண்டு மாலையணிந்தவன் ஒரு துளியும் தீண்டான். மாலை கழற்றிய மாலையே கடைவாயிலில் நிற்பாரைக் காண்கின்றோம். அவர் அஞ்சியது மாலைக்கு, குடியை வெறுத்தாரல்லர். இந்நோயோ விட்டபின்னும் மீண்டும் பற்றும் இயல்பினது. இடறியவனை, “வாக்குத் தவறினாய், அம்மை கண்ணைப் பறிப்பாள்” என்று அச்சுறுத்தின், அவன் கோயிலுக்கும் வாரான், மருத்துவரிடமும் செல்லான், கடையையே புகலாகக் கொள்வான். அதனினும் கொடிது, அவன் மனைவியை நோக்கி, “நின் வழிபாடு போதாது” என்றல். கை கன்ற அரிசி இடித்தவளுக்கு நாம் அளிக்கும் ஆறுதல் இதுவோ?

திருநாவுக்கரசர் வரலாற்றைச் சிலர் தமக்குத் துணையாகக் காட்டுவர். திருவதிகையில் அவர்தம் சூலை அருளால் நீங்கிற்று, ஐயமில்லை. ஆயின் சேக்கிழார் பெருமான் அருளியதை முழுதும் நோக்குக. திலகவதியார் தம்பியைக் கைவிட்டிலர். அவர்பொருட்டு இறைவனை வேண்டி நின்று, அவர் இரவில் வந்து அடிபணிந்தபோது ஏற்றுக்கொண்டு நீறளித்தார். நோய் நீங்கப்பெற்ற அரசரும், வேண்டுதல் முடிந்ததென மீண்டாரல்லர்; உழவாரம் ஏந்தி இறுதிவரை தொண்டு செய்தார். நீற்றின் முன்னே ஏற்கும் தமக்கை. நீற்றின் பின்னே ஓயாத் தொண்டு. நாமோ நீற்றை மட்டும் கொடுத்து வழியனுப்புகின்றோம்.

சைவ நன்மக்காள்! சிறுவாச்சூரில் நடை திறப்பது இரு நாள். மதுக்கடையோ எஞ்சிய ஐந்து நாளும் திறந்திருக்கின்றது. கோயில் மரபை மாற்றுமாறு யாம் கூறேம். அவ்வைந்து நாளைக்கும் விடை கூறவேண்டியவர் அடியாராகிய நாமே. வாய் நாறுகின்றதென்று குடிநோயாளனைச் சபையின் திண்ணையினின்று இறக்குதலை இன்றே ஒழிமின். குடி விட்டார் நால்வர் மாலைதோறும் கூடியிருக்க ஓர் இடம் கொடுமின். மருத்துவமனைக்கு அவனோடு உடன் செல்மின். இடறினால் மீண்டும் அழைமின். தேறியபின் அவன் கையில் ஓர் உழவாரமோ திருவலகோ கொடுமின். இவற்றைச் செய்யாது, “நம்பினால் நடக்கும்” என்று நாவாற் கூறுதல், அவ்வம்மையின் முன் அழுது நின்றவளுக்கு நாம் இழைக்கும் வஞ்சனையேயாம்.

திருச்சிற்றம்பலம்.