முனையம் இல்லாத வீடு யாருடைய வீடு?

இலக்கியம் பேசும் இடத்தில் கணினிக் கட்டளைகளுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நாவல்களில் வரும் வீடுகளின் திண்ணையையும் முற்றத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், குடியிருக்கும் வீட்டின் விளக்கையும் தண்ணீர் மோட்டாரையும் இன்று யார் ஆள்கிறார்கள் என்று கேட்பதே இல்லை. தொழில்நுட்பம் தெரியாது என்பதை ஓர் அழகியல் தகுதி போலச் சொல்லிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடையே உண்டு. இக்கட்டுரை அந்த வழக்கத்துக்கு எதிரானது. வீட்டைத் தானாக இயக்கும் அமைப்பை நிறுவுகிறவர், அதன் கட்டளை முனையத்தைத் தம் உலாவியிலிருந்தே திறக்கும் வழியையும் கூடவே நிறுவிக்கொள்ள வேண்டும். அது இல்லாத வீட்டில் அவர் வாடகைக்காரர் மட்டுமே. இதுவே நம் வாதம்.

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, ஆரோவில்லை ஒட்டிக் கிடக்கும் இடையஞ்சாவடியில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். வீட்டில் வயதான தாய் மட்டும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போடுவதும் தொட்டி நிறைந்ததும் நிறுத்துவதும் அந்த அம்மாளின் முழங்காலுக்குப் பெரும் பாடு. இங்கே தன்னியக்கம் ஆடம்பரமாகாது. வயலுக்குப் போகாமல் செல்போனிலேயே மோட்டாரை ஓட்டும் கருவி நம் உழவர்களுக்குப் புதிதல்ல. அதற்கு அரசின் வேளாண் பொறியியல் துறை மானியமே தருகிறது. ஆகவே வீட்டுக்குள் கணினி வரலாமா என்ற கேள்வி காலாவதியாகிவிட்டது. வந்துவிட்ட கணினியின் சாவி யாரிடம் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

எளிய வழி ஒன்று கடையில் கிடைக்கிறது. ஒரு நிறுவனத்தின் சுவிட்சை வாங்கிச் சுவரில் பொருத்தி, அதன் செயலியைக் கைபேசியில் இறக்கிக்கொண்டால் முடிந்தது. விரல் தொட்டதும் விளக்கு எரிகிறது. கூடத்துக்கும் விளக்குக்கும் இடையே உள்ள பத்தடித் தூரத்தைக் கடக்க, அந்தக் கட்டளை கண்டம் தாண்டி ஏதோ ஒரு வழங்கிக்குப் போய்த் திரும்பி வருகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த வழங்கியை நிறுத்தினால்? கற்பனைக் கேள்வி அல்ல இது. சுமார் 300 டாலருக்கு விற்கப்பட்ட ரிவால்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை, அதை விலைக்கு வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதத்தில் செயலிழக்கச் செய்தது. பெட்டியில் பழுது எதுவும் இல்லை. உயிர் வேறிடத்தில் இருந்தது, அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் வழங்கிகள் முன்னறிவிப்பின்றி அணைந்தபோதும் அதன் வாடிக்கையாளர்கள் இதையே கற்றுக்கொண்டார்கள்.

நம் கடற்கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பொழிந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை. மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய இரவில் முதலில் அறுவது வெளியுலக இணைப்பு. இன்வெர்ட்டரில் ஓடும் சிறு பெட்டி ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தால், இணையம் போன பின்னும் வீடு தன் சொல்லைத் தானே கேட்கும். வெளிநாட்டு வழங்கியை நம்பிய வீடோ அன்றைக்கு ஊமை.

அந்தச் சிறு பெட்டி இன்று கைக்கெட்டும் பொருள்தான். ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினியில், 2013இல் பவுலஸ் ஸ்கூட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறமூல மென்பொருளை நிறுவினால் போதும். ஆனால் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். வண்ணவண்ணப் பொத்தான்கள் கொண்ட பலகை திரையில் தெரிந்ததும் வீடு கைக்குள் வந்துவிட்டதாக மகிழ்கிறார்கள். பொத்தான், வடிவமைத்தவர் முன்கூட்டி எண்ணிய கேள்விகளுக்கு மட்டுமே விடை சொல்லும். உப்புக் காற்றில் ரிலேயின் தொடுமுனை அரித்ததா, மின்வெட்டில் நினைவட்டை கெட்டதா, வட்டு நிறைந்து மென்பொருள் திணறுகிறதா என்று அது சொல்லாது. ‘கிடைக்கவில்லை’ என்று ஒரு சொல்லைக் காட்டிவிட்டு நிற்கும். காரணத்தைத் தேடிப் பதிவுகளைப் புரட்ட முனையம் வேண்டும்.

முனையம் என்பது பெரிய மர்மம் அல்ல. தொலைதட்டச்சுப் பொறியின் வாரிசு அது. இன்றைய முனைய நிரல்கள் பெரும்பாலும் 1978இல் வெளிவந்த விடி100 என்ற கருவியைத்தான் இன்னமும் நடித்துக் காட்டுகின்றன. உலாவி முனையத்தில் நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் வெப்சாக்கெட் என்னும் இருவழிப் பாதையில் பெட்டிக்குப் போகிறது. அங்கே டிடிஒய்டி போன்ற சிறு நிரல் அதைக் கட்டளை ஓட்டிடம் கொடுத்து, விடையை அதே வழியில் திருப்பி அனுப்புகிறது. தனி மென்பொருள் தேவையில்லை. நூலகக் கணினியானாலும் இரவல் மடிக்கணினியானாலும் உலாவி இருந்தால் போதும் என்பதே இதன் வலிமை. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது, இரவல் கணினியில் தட்டிய கடவுச்சொல் அங்கேயே தங்கிவிடலாம் என்பதால்.

ஆபத்தைச் சொல்லி மறுப்பவர்களை நாம் எள்ளிநகையாடவில்லை. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் இணைகளை முயன்றே நுழைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை டின் நிறுவனத்தைத் தாக்கி, பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கியது. 2023 மார்ச்சில் ஹோம் அசிஸ்டன்டிலேயே, கடவுச்சொல் இல்லாமல் நிர்வாகப் பகுதியைத் தொடக்கூடிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டு அடைக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் என்பதால் மட்டும் காவல் வந்துவிடாது. உப்பளத்தில் மடையைத் திறக்கிறவர் வரப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வரப்பு உடையும் என்று அஞ்சி மடையே வேண்டாம் என்பாருண்டோ? வரப்பைக் கட்டும் முறை தெரிந்ததே. ரவுட்டரில் துளை போட்டு முனையத்தை நேரே உலகுக்குத் திறந்துவைப்பது தற்கொலைக்குச் சமம். அதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது. முனையத்துக்குத் தனி வாசல் தராமல், மைய அமைப்பின் நுழைவுக்குள்ளேயே அதை வைக்க வேண்டும். ஹோம் அசிஸ்டன்டின் முனையத் துணைநிரல் அப்படித்தான் திறக்கிறது. வெளியூரிலிருந்து வருவதற்கு வயர்கார்ட் போன்ற மறையாக்கச் சுரங்கப்பாதை இருக்க வேண்டும். லினக்ஸ் கருவிலேயே 2020 முதல் அது இடம்பெற்றிருக்கிறது. நம்மூர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், வெளியே நிலையான முகவரி உள்ள ஒரு சிறு கணினியை இடைத்தங்கலாகக் கொள்ள நேரிடலாம். இரட்டைச் சரிபார்ப்பு, காலந்தவறாத புதுப்பிப்பு, வேறிடத்தில் ஒரு காப்புநகல். இவ்வளவே. ஒரு மாலைப்பொழுதின் வேலை.

ஒரு மறுப்பு மட்டும் நம்மை உண்மையில் தடுத்து நிறுத்துகிறது. முனையம் சிங்கப்பூரில் இருக்கும் மகனின் கையில். வீட்டில் இருப்பவர் தாய். எந்த நேரம் எந்த விளக்கு எரிந்தது, எப்போது கதவு திறந்தது என்ற பதிவெல்லாம் மகனின் திரையில் ஓடும். பாசம் எங்கே முடிந்து கண்காணிப்பு எங்கே தொடங்குகிறது? விளக்கும் பூட்டும் குளிரூட்டியும் குடும்பத்துக்குள் ஒருவரை ஒடுக்கும் கருவிகளாவதை 2018இலேயே நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. எனவே நம் கோரிக்கையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. சுவரில் உள்ள சுவிட்ச் கையால் தட்டினால் எப்போதும் வேலை செய்ய வேண்டும். கணினியின் கட்டளைக்கு மேலே அந்தக் கை நிற்க வேண்டும். எவை பதிவாகின்றன என்பதை வீட்டில் வாழ்பவரே முடிவு செய்ய வேண்டும். இந்த உரிமையைத் தாய்க்குக் கொடுக்கவும் முனையம் உள்ள வீட்டில்தான் முடியும். நிறுவனத்தின் வழங்கியில் குவியும் பதிவை அழிக்க எந்தத் தாயால் முடியும்?

கடைசியாக, நம் வீட்டுக் குறை. உலாவியில் தமிழ் அழகாக இருக்கிறது. அதே உலாவிக்குள் முனையத்தைத் திறந்தால் தமிழ் நொறுங்குகிறது. காரணம், முனையம் திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எழுத்தென்று அடுக்கும் முறை. ‘கொ’ என்ற எழுத்தில் மெய்க்கு இருபுறமும் குறி நிற்கிறது. ‘ணௌ’வும் ‘இ’யும் ஒரே அகலத்தில் அடங்குவதில்லை. 1991இலேயே ஒருங்குறியில் இடம்பெற்ற நம் எழுத்து, பொறியாளரின் திரையில் இன்னும் கால் ஊன்றவில்லை. இதைப் பற்றி நம் இலக்கியச் சூழலில் யார் கவலைப்பட்டார்கள்? எழுத்துச் சீர்திருத்தம் பற்றி ஆண்டுக்கணக்கில் சண்டையிட்ட நாம், இந்தக் கட்டத்துக்குள் நம் எழுத்து ஏன் உடைகிறது என்று ஒரு பக்கம் எழுதியதுண்டா? கணியம் போன்ற மின்னிதழ்கள் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி வருகின்றன. இலக்கிய வாசகர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

மென்பொருளின் பிழைச்செய்தியும் ஓர் உரைநடைதான். அதைத் தெளிவான தமிழில் எழுத மொழி தெரிந்தவர்கள் வேண்டும். இடையஞ்சாவடியின் அந்த அம்மாள் மோட்டார் ஏன் ஓடவில்லை என்பதைத் தம் மொழியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மகனுக்காகவோ மெக்கானிக்குக்காகவோ காத்திருக்கக்கூடாது. அதற்கான சொற்களை யார் தருவது? சொல்லே நம் தொழில் என்கிறோமே, நாம்தான் தர வேண்டும்.