கறுப்புத் திரைக்கும் ஆங்கிலம் தெரியாது

மஃரிபுக்குப் பிறகு கணினிக்கு முன்னால் இருந்தேன். திரை முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் வந்து நின்ற வாப்பா, "என்ன மகள் இது? களவு வேலை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். படங்களில் கணினித் திருடர்களை இப்படித்தான் காட்டுகிறார்கள். வாப்பாவைக் குறை சொல்ல முடியாது.

மாமாவின் கொமியூனிகேஷன் கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கணினி அது. நினைவகம் 2 ஜீபீ. விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிக்கலாம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெரியம்மாவின் மகன் அதில் லினக்ஸ் போட்டுத் தந்தார். ஒரே வாரத்தில் படங்கள் காட்டும் பகுதி பழுதாகி, கடவுச்சொல் கேட்கும் கறுப்புத் திரை மட்டும் மிஞ்சியது. நானாவுக்கோ பரீட்சைக் காலம். வேறு வழியில்லாமல்தான் கட்டளை எழுதப் பழகினேன். பிறகு அவர் அதைச் சரிசெய்து தந்தபோதும் கட்டளைத் திரையை விட மனம் வரவில்லை.

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுக்கத் தயங்கும் தோழிகள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "எனக்கு இங்கிலீஷ் வராது." இந்தப் பயம் இடம் மாறி வந்த பயம் என்பது என் கருத்து. கோப்புறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எல், எஸ் என்று இரண்டு எழுத்து. வேறு கோப்புறைக்குப் போக சீ, டீ. ஒரு சொல்லைத் தேட 'கிரெப்'. இலண்டனில் பிறந்த பிள்ளைக்கும் கிரெப் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு பழைய மென்பொருளில் 'எல்லா இடத்திலும் இதைத் தேடி அச்சிடு' என்று இட்ட கட்டளையின் எழுத்துகள் சேர்ந்து உண்டான சொல் அது. கொழும்புப் பிள்ளையும் பதுளைப் பிள்ளையும் இதை ஒரே படியில் நின்றுதான் தொடங்க வேண்டும்.

இந்தச் சுருக்கத்துக்குக் காரணம் உண்டு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில், கணினியோடு பேசத் தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்றைத்தான் பயன்படுத்தினார்கள். அது நொடிக்கு 10 எழுத்து அளவில் அச்சிடும். சொல் நீண்டால் நேரம் போகும். சொல்லை எண்ணிக் காசு கட்டித் தந்தி அடித்ததைச் சொன்னேன். வாப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. தொம்சன் ஓரிடத்தில் 'கிரியேட்' என்பதன் கடைசி 'ஈ'யைக்கூட விட்டுவிட்டார். யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றாராம். ஆங்கில எழுத்துப்பிழைக்குப் புள்ளி இழந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும், மறுக்கவில்லை. 'அப்படி ஒரு கோப்பு இல்லை', 'உனக்கு அனுமதி இல்லை', 'அப்படி ஒரு கட்டளை இல்லை' – முதல் மாதம் நான் கண்டவற்றில் பெரும்பகுதி இந்த மூன்றும்தான். கொப்பியில் தமிழில் எழுதி வைத்தேன், முடிந்தது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கட்டளை எந்த எழுத்தில் இருந்தாலும் தேடுவது தமிழாக இருக்கலாம். நூலகப் பட்டியலில் 'சிறுகதை' என்று தேடினால் அந்த வரிகள் மட்டும் வந்து நிற்கின்றன. கொம்பும் அரவும் சில இடங்களில் தள்ளி நின்று கண்ணை உறுத்தும். அதைத் திருத்தும் வேலை நம்மில் ஒருத்திக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இதில் ஆபத்தே இல்லை என்று பெற்றோருக்குச் சொல்லமாட்டேன். சென்ற வருடம் தரம் 8 தங்கைகளின் ஆக்கங்களைத் தட்டச்சுச் செய்து வைத்திருந்தேன். பழைய பிரதிகளை மட்டும் அழிக்க நினைத்து, நட்சத்திரக் குறிக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். நட்சத்திரம் தனியே நின்றால் 'எல்லாம்' என்று பொருள். 'நிச்சயமாகவா?' என்று அது கேட்கவில்லை. குப்பைத்தொட்டியும் இல்லை. வேலை சரியாக நடந்தால் இந்தத் திரை ஒன்றும் பேசாது, அன்றும் பேசவில்லை.

மற்றவற்றுக்குக் கையெழுத்துத் தாள் இருந்தது. பசறைப் பக்கமிருந்து வரும் ஒரு தங்கையின் கவிதைக்கு மட்டும் இல்லை. என் பக்கத்தில் இருந்து அவள் சொல்லச் சொல்ல நான் தட்டியது. போய்க் கேட்டேன். "அது மறந்துட்டு ராத்தா" என்று சொல்லி வேறொன்று தந்தாள். மழையைப் பற்றியது போய், பஸ்ஸைப் பற்றியது வந்தது. இப்போதெல்லாம் அழிக்குமுன் அதே குறியை எல், எஸ்ஸுக்குக் கொடுத்து, எவை அகப்படுகின்றன என்று வாசித்துப் பார்க்கிறேன். ஒரு பிரதியும் வெளியே எடுத்து வைக்கிறேன்.

அன்று உம்மா, "போதும், மூடி வை" என்றார். நான் இரவில் விழித்திருப்பது அவருக்குக் கவலை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இதே பிழையை நானா விட்டிருந்தால், "பழகத்தானே வேணும்" என்றிருப்பார்கள். பிழை விட்ட மகளிடமிருந்து கணினியை எடுத்துவிட்டால் பிழை மட்டும்தான் அவளிடம் மிஞ்சும்.

புது மடிக்கணினிக்கு இலட்சக்கணக்கில் வேண்டும், அது எல்லா வீட்டாலும் முடியாது. நான் கேட்பது அதுவல்ல. பழைய இரும்புக்குப் போடப்போகும் கணினியை மகளுக்குக் கொடுங்கள். உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு இடும் அதே எல், எஸ்ஸை வீட்டுப் பழைய கணினியிலும் பழகலாம்.

இப்போது இஷாவுக்குப் பிறகு வாப்பா ஒரு கதிரை போட்டுப் பக்கத்தில் இருக்கிறார். கடைக் கடன் கொப்பியைத் தட்டச்சுச் செய்திருக்கிறேன். அவர் பெயரைச் சொல்வார், நான் தேடுவேன். சென்ற வாரம் ஒரு முஹம்மதின் கடன் பாதிதான் வந்தது. பார்த்தால், கொப்பியில் அவரை முகம்மது, முஹம்மத், மொஹமட் என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறார் வாப்பா. கேட்ட எழுத்தைத்தான் அது தேடும் என்று விளக்கினேன். அன்றிலிருந்து எந்தப் பெயரை எழுதுமுன்னும் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்கிறார்.