கறள் பிடிக்காத பானையும் காலுக்குள் இருக்கும் தகடும்



பெரகல சந்தியில் பஸ் மாறியவர்களுக்கு அந்த இடத்துக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பலாங்கொடைப் பக்கமிருந்து ஏறி வரும் ஏ4 வீதி அங்கிருந்து வெல்லவாயவுக்கு இறங்குகிறது. ஏ16 வீதி அப்புத்தளைப் பக்கம் பிரிகிறது. பனிமூட்டம் வந்து மூடினால் ஆணி, பூட்டு, தகரம் எல்லாம் நனைந்து கறள் ஏறும்.

அருகிலுள்ள தோட்டமொன்றில் எட்டுப் பெண்கள் சீட்டுப் பிடித்த காசில் சாப்பாட்டுத் தொழில் தொடங்கினார்கள். அவர்களில் இருவர், 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு உறவுகளைத் தேடி மலைக்குத் திரும்பியவர்கள். பானை வாங்க அவர்களோடு நானும் போனேன். கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்துப் பானையில் வைத்தார். ஒட்டவில்லை. "பார்த்தீங்களா, அசல் எவர்சில்வர்" என்றார். நானும் தலையாட்டினேன். பெரிய பானை நான்கு வாங்கினோம்.

மூன்று மாதத்தில், தேசிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருந்த பானையின் அடியில் ஊசியால் குத்தியது போலப் பழுப்புப் புள்ளிகள். ஊறுகாய் முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சமூகவியல் படித்த எனக்கு உருக்கு பற்றி என்ன தெரியும்? அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

எவர்சில்வர் என்பது ஒரே உலோகம் அல்ல. இரும்போடு குறைந்தது பத்தரை வீதம் குரோமியம் சேர்ந்தால், அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிந்து கொள்ளும். கீறல் விழுந்தாலும் படலம் தானாகவே திரும்ப உண்டாகும். 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல உருக்குத் தேடியபோது இத்தகைய உருக்கு ஒன்றை வார்த்தார். ஆயுதத்துக்காகத் தேடியது கடைசியில் கத்தியாக மேசைக்கு வந்தது.

நல்ல சமையல் பாத்திரம் 304 என்ற வகை. குரோமியம் ஏறத்தாழ 18, நிக்கல் 8 வீதம். "18/8" என்று அடியில் அடித்திருப்பது இதைத்தான். நிக்கல் விலை கூடியது. ஆகவே அதைக் குறைத்து மங்கனீசு சேர்த்துச் செய்வது 201, 202 வகைகள். பார்வைக்கு ஒரே மினுக்கம். காந்தமும் ஒட்டாது! நாங்கள் ஏமாந்தது இங்கேதான். காந்தம் ஒட்டுவது 430 போன்ற நிக்கல் இல்லாத வகைகளில். அதனால் அவை போலி என்று நினைக்க வேண்டாம். இன்டக்ஷன் அடுப்புக்கு அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். கத்தி, கத்தரிக்கோல் செய்யும் 420 வகையிலும் ஒட்டும். காந்தத்தை நம்பாமல், அடியில் அடித்த எண்ணைப் பாருங்கள், பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

உப்புக்கு எந்த வகையும் முழுதாகத் தாங்காது என்பதையும் சொல்ல வேண்டும். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். எங்கள் பானை 304 ஆக இருந்திருந்தாலும், உப்பும் புளிப்பும் சேர்ந்து வாரக்கணக்கில் கிடந்தால் பழுதாகியிருக்கலாம். ஊறுகாய்க்குக் கண்ணாடிப் போத்தலோ சாடியோதான். சோற்றுக்கு உப்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அது அடியில் தங்கும். கொதித்த பிறகு போட்டுக் கிளறிவிடுங்கள். இரும்புச் சுருளால் தேய்க்க வேண்டாம், அதன் துகள் ஒட்டிக் கறளாகும். நாகம் பூசிய வாளியில் புளி, தேசிக்காய்ச் சாறு எதையும் வைக்கவே வேண்டாம். நாகம் கரைந்து சாப்பாட்டில் சேரும்.

கடலோரத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு 316 என்ற வகையைச் சொல்ல வேண்டும். இதில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் உண்டு. உப்புக் காற்றையும் கடல்நீரையும் 304ஐ விட நன்றாகத் தாங்கும். விலை அதிகம். வீட்டுப் பானைக்கு இது அவசியமில்லை. (எல்லாவற்றுக்கும் எவர்சில்வர்தான் மேல் என்றும் இல்லை. தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தி சாதாரண உருக்குத்தான். கறள் பிடிக்கும், ஆனால் கல்லில் தீட்டினால் உடனே கூர் ஏறும்.)

இதையெல்லாம் நான் குழுவில் சொல்லிக் கொண்டிருந்தபோது, வன்னியிலிருந்து வந்த அக்கா ஒருவர் தொடையைத் தடவியபடி கேட்டார்: "மிஸ், என் கால் எலும்புல வச்சிருக்கிற தகடும் இந்தப் பானையும் ஒண்ணா? அதுவும் கறள் பிடிக்குமா?" 2009 ஷெல் அடியில் உடைந்த கால். பனிக் காலத்தில் கடுக்கும்போதெல்லாம் உள்ளே கறள் ஏறுவதாகவே இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். யாரிடமும் கேட்டதில்லை.

எலும்பில் வைக்கும் தகடுகள் பெரும்பாலும் 316எல் என்ற உருக்கு அல்லது டைட்டேனியம். எங்கள் இரத்தமும் உப்பு நீர்தான், அதற்குத் தாங்கவே மொலிப்டினம் சேர்த்து, கரியைக் குறைத்துச் செய்கிறார்கள். பானை போலத் துருவேறிப் போகாது. குளிரில் கடுப்பது பலருக்கும் உள்ளது. ஆனால் வீக்கம், சிவப்பு, காய்ச்சல், சீழ், புதிதாக வலி இருந்தால் கிளினிக்குக்குப் போகத்தான் வேண்டும். ஒரு சிலருக்கு நிக்கல் ஒத்துக் கொள்ளாது, அதையும் வைத்தியரிடம் சொல்லலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தகடு காந்தத்துக்கு அநேகமாக அசையாது. உடம்பில் தங்கிவிட்ட ஷெல் துண்டு அப்படியல்ல, அது சாதாரண இரும்பாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்பது மிகப் பெரிய காந்தம். கண், தலை, முதுகெலும்பு அருகே துண்டு இருந்தால் அசைந்து ஆபத்து வரலாம். ஸ்கேனுக்கு முன் தகடு, துண்டு இரண்டையும் வாயால் சொல்லுங்கள். பழைய எக்ஸ்றே படமும் கிளினிக் கொப்பியும் இருந்தால் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் முதலில் எக்ஸ்றே எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அந்த அக்காவிடம் ஒரு படமும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது. சென்ற மாதம் இருவரும் தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதிய எக்ஸ்றே எடுத்தோம். தகடும் ஆணிகளும் நேராக இருந்தன. முழங்காலுக்கு மேலே சிறு துண்டு ஒன்றும் தெரிந்தது, அவருக்கே தெரியாத துண்டு. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது வேற இரும்பு, இல்லையா மிஸ்?" என்றார். படம் இப்போது அவர் வீட்டு அலுமாரியில், பொலித்தீனில் சுற்றி இருக்கிறது. புள்ளி விழுந்த பானையில் குழு அரிசி போட்டு வைத்திருக்கிறது.