எட்டுக் கோப்பைகளும் சாதிக்காய் மரமும்

மாணவர்களே, டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘எட்டுக் கோப்பைகள்’. அடுக்கி வைத்த எட்டுக் கோப்பைகளுக்கு முதுகைக் காட்டியபடி, சிவப்பு அங்கி அணிந்த ஒருவர் கையில் கோலுடன் மலையை நோக்கி நடக்கிறார். வானில் நிலா. ‘விட்டு விலகு, முன்னே செல்’ என்பதே இச்சீட்டுக்குச் சொல்லப்படும் பொருள்.

இன்று இந்தச் சீட்டு கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. அறிவியல் பிரிவிலிருந்து மாறலாமா, பல ஆண்டுகள் கற்ற நடனத்தை விடலாமா, மனத்தை நோகடிக்கும் நட்பை முறிக்கலாமா என்று தவிக்கும் மாணவர் சிலர் அதனிடம் கேட்கிறார்கள். கேட்கும் கேள்வி நியாயமானது. கேட்கும் இடம்தான் தவறு என்பது என் கருத்து.

டாரட் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் சீட்டாட்டமாகத் தொடங்கியது. அதைக் குறி சொல்லப் பயன்படுத்தும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டு பிரான்சில்தான் பரவியது. மேலே சொன்ன படம் 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டில் உள்ளது. வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். கூண்டுக்கிளி எடுத்துத் தரும் சீட்டை நம் தாத்தா பாட்டி அறிவார்கள். அதில் முருகன் வருவார், இதில் கோப்பை வருகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

பிறகு ஏன் சீட்டு ‘சரியாக’ச் சொல்வதுபோல் தோன்றுகிறது? 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு முடிவைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பிடச் சொன்னார். ஐந்துக்குச் சராசரி 4.26 கிடைத்தது. உண்மையில் எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள்! அதிலிருந்த வரிகள் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவருக்கும் பொருந்தும் பொதுவான சொற்களை நாம் நமக்கே உரியவை என எடுத்துக்கொள்கிறோம். ‘ஒன்றை விட்டு விலகும் நேரம் இது’ என்பதும் அப்படிப்பட்ட வரிதான். விட வேண்டிய ஏதோ ஒன்று எல்லாரிடமும் இருக்கிறது.

விடுவதா, தொடர்வதா என்பதற்கு நல்ல பாடம் நம் பினாங்கிலேயே, பாலிக் புலாவ் தோட்டங்களில் இருக்கிறது. ‘பூவா பாலா’ எனப்படும் சாதிக்காய் மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. காய்ப்பது பெண் மரம். விதையிலிருந்து வளரும் கன்று ஆணா பெண்ணா என்பது அது பூக்கும்வரை தெரியாது. அதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகலாம். ஏறக்குறைய பாதி ஆணாகிவிடும். மகரந்தத்துக்குப் பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். மற்றவற்றை என்ன செய்வது? ஆறு ஆண்டு நீர் ஊற்றியதற்காக, காய்க்காத மரத்துக்கு ஏழாம் ஆண்டும் உரம் போடுவதா?

மனம் ‘போடு’ என்றே சொல்லும். 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தனர். நாடகப் பருவச் சீட்டு வாங்கியவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் தள்ளுபடி தந்தனர். முழு விலை கொடுத்தவர்களே பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசு அவர்களை இழுத்து வந்தது. சூதில் விட்ட காசைப் பிடிக்க மேலும் காசை விடுவதும் இந்த மனப்போக்கால்தான்.

அப்படியானால் உடனே விட்டுவிடலாமா? அதுவும் இல்லை. இரண்டாம் ஆண்டிலேயே ‘காய்க்கவில்லை’ என்று வெட்டினால் நல்ல பெண் மரமும் போய்விடும். ஒரு பாடம் முதல் தேர்வில் கடினமாக இருப்பது, அது உங்களுக்கு ஒத்துவராது என்பதற்குச் சான்றல்ல. மூன்றாவது வழியும் உண்டு: ஆண் மரத்தின் மீது பெண் மரக் கிளையை ஒட்டுக்கட்டலாம். வேர் பழையது, காய் புதியது. பிரிவு மாறும் மாணவர் கற்ற கணிதத்தைத் தொலைப்பதில்லை.

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்கத் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் செய்தார். 20,000க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் ஆறு மாதம் கழித்துக் கூடுதல் மகிழ்ச்சியுடன் இருந்ததாக 2021இல் வெளியான அவரது ஆய்வு கூறுகிறது. அவர்கள் ஏற்கெனவே நெடுநாள் தயங்கி நின்றவர்கள் என்பதை மறக்க வேண்டாம். நாணயத்துக்கு எதுவும் தெரியாது. தெரியும் என்று அது சொல்லிக்கொள்ளவும் இல்லை. சீட்டு சொல்லிக்கொள்கிறது. அங்கேதான் ஆபத்து.

ஆகவே சீட்டை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். மூன்று கேள்விகளை எழுதுங்கள். இதுவரை செலவிட்டதை மறந்துவிட்டால், இன்று இதைப் புதிதாகத் தொடங்குவேனா? பூக்கும் காலம்வரை காத்திருந்தேனா? ஒட்டுக்கட்ட வழி உண்டா? விடைகளைப் பெற்றோரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ காட்டுங்கள். அவர்கள் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். எந்தச் சீட்டும் அதைச் செய்யாது.