42-லிருந்து 17 போனால் 35-ஆ? தப்பான விடையிலும் ஒரு தடயம் இருக்கு!

42 - 17 = 35.

மூன்றாம் வகுப்பு நோட்டில் இப்படி ஒரு விடையைப் பார்த்தால் என்ன செய்வோம்? சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. `திரும்பப் போடு' என்று ஓர் அதட்டல்.

ஆனால், அந்த 35 சும்மா வந்துவிடவில்லை. 2-லிருந்து 7 போகாது என்பதால், குழந்தை 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. `பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும்' என்று அதன் மனதில் பதிந்திருக்கிறது. இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தாலும் இதே தப்புதான் வரும்.

இந்தக் குழந்தைக்குத் தேவை தீக்குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட 4 கட்டு, தனியாக 2 குச்சி. `இதிலிருந்து 17 எடு' என்றால், ஒரு கட்டைப் பிரித்தே ஆகவேண்டும். கடன் வாங்குவது என்றால் என்னவென்று கைக்கே புரிந்துவிடும். மிச்சம் 25.

பக்கத்தில் இருக்கும் குழந்தை கழித்தலை டக்கென்று போடும். வாக்கியக் கணக்கு என்றால் விழிக்கும். அங்கே சிக்கல் வாசிப்பில். கணக்கை வாய்விட்டுப் படித்து, படமாக வரைந்தால் வழி தெரியும். இன்னொரு குழந்தைக்கு எல்லாம் தெரியும். `சீக்கிரம்' என்றாலே பதறும். அதற்குத் தேவை கொஞ்சம் கூடுதல் நேரம்.

கொரோனா கால இடைவெளிக்குப் பிறகு, 2022-ல் தமிழக அரசு தொடங்கிய `எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அடிப்படையும் இதுதான். தொடங்கியபோது, 1 முதல் 3-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி தரப்பட்டது. ஒரே வகுப்பறையில் மூன்று நிலைகளைச் சமாளிப்பது ஆசிரியருக்குக் கூடுதல் வேலைதான். `அரும்பு' என்பது குழந்தை இப்போது நிற்கும் படி மட்டுமே. அதுவே பட்டப்பெயராகிவிடக் கூடாது.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தும், 6 பெரிதா 8 பெரிதா என்பதே பிடிபடவில்லையா? அது சோம்பேறித்தனம் இல்லை. `டிஸ்கால்குலியா' என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இது இடம்பெற்றிருக்கிறது. நிபுணரிடம் காட்டத் தயங்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். `ஏன் தப்பாப் போட்டே?' என்பதற்குப் பதிலாக, `எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்' என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேட்டால், எங்கே இடறியது என்று குழந்தையே காட்டிவிடும்.

`எனக்குக் கணக்கு வராது' என்று எட்டு வயதில் ஒரு பிள்ளை முடிவுகட்டிவிட்டால், ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதுவரை அந்தப் பயம்தான் முடிவு செய்யும்.